தண்ணீருக்குள் போன ரோட்டு

மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு நாள் மலைநாட்டு மவுஸ்ஸாகலை டேமுக்குப் போங்கள். காசல்ரீ என்றாலும் சரிதான். தூண்டில் வேண்டாம், போன் போதும். மழை இல்லாமல் டேம் வற்றிக் கிடக்கும் நாட்கள் அவை. கரையோரமாக நடந்து, மழை காலத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் இப்போது என்னவெல்லாம் தெரிகிறது என்று படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பழைய ரோட்டு எந்த இடத்தில் இறங்குகிறது, தேயிலைத் தூர் எதுவரை நிற்கிறது, கான், அதாவது வடிகால், எந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது, பெரிய கல்லுக்குப் பின்னால் பள்ளமா மேடா, எல்லாம். மீன் பிடிக்க ஆசைப்படும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது எந்த ரீல் வாங்கலாம் என்று. நான் சொல்லும் முதல் பதில் இதுதான். பாதிப் பேர் அத்தோடு போனை வைத்துவிடுவார்கள்.

இந்த இரண்டு டேமும் எங்கள் தோட்டத்து ஆட்கள் வேலை செய்த தேயிலை மலைகளை மூழ்கடித்துக் கட்டியவை. கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ, மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுஸ்ஸாகலை. பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போய், இப்போதிருக்கும் டவுன் மேலே எழும்பியது. கடும் வரட்சியில் பழைய கோயிலும் பௌத்த பன்சாலையும் பள்ளிவாசலும் இடிபாடாக வெளியே வரும். அதைப் பார்க்க வேன் பிடித்து ஆட்கள் வருவார்கள். பத்திரிகைகளிலும் படம் வரும். எனக்கும் அந்த இடத்தில் நின்றால் நெஞ்சு ஒரு மாதிரித்தான் ஆகும். ஆனால் அடுத்த நிமிஷம் கண் தன் பாட்டில் ரோட்டு ஓரத்தைத் தேடும். டேம் நிறைந்ததும் கார்ப் மீன் நிற்கப்போவது அங்கேதான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மாவின் அப்பா. டேம் வருவதற்கு முன்பு அந்த மலைகளில் வேலை செய்தவர். கித்துள் கோல், அதன் நுனியில் கட்டிய தங்கூஸ் (நைலோன் நூல்), பழைய செருப்பை வெட்டிச் செய்த மிதப்பு. அவரிடம் இருந்தது இவ்வளவுதான். ரீல் என்ற சாமானை அவர் தொட்டதே இல்லை. ஆனால் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தே பேசுவார்: "டேய், அங்கன போடாத. அது பதினாலாம் நம்பர் மலை, தூருதான் மாட்டும். இந்தப் பக்கம் வா. இது லொறி போன ரோட்டு. இதுலதான் அவன் மேய்வான்." எனக்குத் தெரிந்தது வெறும் தண்ணீர். அவருக்கு அதன் கீழே தண்ணீர் பிடிக்கும் பீலி, தோட்டத்து வீட்டு வரிசையான லயம், தேயிலை மலை, பாலம் எல்லாம் இருந்தன.

ரோட்டில் மீனுக்கு என்ன வேலை? தண்ணீர் நின்ற இடத்தில் வருஷா வருஷம் சேறு படியும். மேட்டிலிருந்து மழையில் கழுவி வரும் மண்ணெல்லாம் வந்து சேரும் இடம் டேம். ரோட்டு கல்லும் சல்லியும் போட்டு இறுக்கியது, அதனால் சேற்றுக்கு நடுவே ஒரு கெட்டித்தரையாக நிற்கிறது. அதன் ஓரத்தில் பழைய கான் இருக்கும், கானில் புழுவும் பூச்சியும் சேரும். கார்ப் அடித்தரையை மோந்து மோந்து தின்கிற மீன். வாயோரத்து மீசையால் தடவிப் பார்த்து, மண்ணோடு உறிஞ்சி, வேண்டாததைத் துப்பும். அது ஆழத்திலிருந்து கரைப் பக்கம் வருவதும் போவதும் பெரும்பாலும் இந்த மாதிரி ஓரங்களைப் பிடித்துத்தான். தேயிலைத் தூர் நிற்கும் இடத்திலும் மீன் உண்டு. எடுக்கத்தான் முடியாது. கடித்ததும் தூருக்குள் சுற்றிவிடும். கொக்கியும் போகும், தங்கூஸும் போகும், வாயில் கொக்கியோடு மீனும் போகும். அந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

டேம் நிறைந்த பிறகு அதே இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வற்றியிருக்கும்போது ரோட்டில் நின்றுகொண்டு அக்கரையில் அசையாத இரண்டு பொருளைப் பாருங்கள். ஒன்று கிட்டே, ஒன்று தூரத்தில். கிட்டே ஒரு பெரிய மரம், அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு கோயில் கோபுரம் என்று வையுங்கள். மரத்துக்கு நேரே கோபுரம் வரும் கோடுதான் உங்கள் ரோட்டு. தண்ணீர் நிறைந்ததும் கரையில் அந்தக் கோடு விழும் இடத்துக்குப் போய் நின்று வீசினால் போதும். சந்தேகமிருந்தால் கொக்கி இல்லாமல் ஈயத்தை மட்டும் கட்டி எறிந்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். சேற்றில் ஈயம் ஒட்டி ஒட்டி வரும். சல்லியில் விரலுக்கு டிக் டிக் என்று தெரியும். தூரில் நின்றுவிடும். நைலோன் தங்கூஸ் இழுபடும் என்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. பின்னல் நூலில், அதாவது கடையில் பிரெய்ட் என்று கேட்டு வாங்குவதில், தெளிவாகத் தெரியும்.

இனித் திலாப்பியா. மலைநாட்டு டேம்களில் புதிதாகத் தொடங்குகிறவர்களின் கையில் முதலில் வருவது இதுதான். 1952இல் வெளியிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட மீன், இப்போது இல்லாத குளம் இல்லை. மண்புழு, பாண் உருண்டை, பழைய ரொட்டி, எதையும் கடிக்கும். ரொட்டியை நான் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் மிஞ்சிய தேங்காய்ப்பூ ரொட்டியைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால், கடைத் தூண்டில் மா எதுவும் கிட்டே வராது. கோதுமை மா கொக்கியில் பிடித்து நிற்கும், தேங்காய் வாசம் தண்ணீரில் பரவும்.

ஆழமில்லாத மணல் தரையில் வட்ட வட்டமாகப் பள்ளம் தெரிந்தால் அது ஆண் திலாப்பியா தோண்டிய கூடு. அந்தக் காலத்தில் ஆண் மீன் பசிக்காகக் கடிப்பதைவிடக் கூட்டுக்குள் வந்ததைத் துரத்தத்தான் கடிக்கும். அதனால் இரை கூட்டுக்கு நடுவிலேயே விழ வேண்டும். பெட்டை முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்து வளர்க்கும். அந்த நாட்களில் தீனி எடுப்பதும் அருமை. வீச்சு வலைக்காரர்களிடம் அப்படியொன்று மாட்டி, கையில் எடுத்ததும் வாயிலிருந்து பொடிக் குஞ்சுகளைத் துப்புவதைப் பார்த்திருக்கிறேன். "இதெல்லாம் அழியாது தம்பி" என்று சிரிப்பார்கள். உண்மைதான், அழியாது. ஆனாலும் என் தூண்டிலில் வந்தால் தண்ணீரில் விட்டுவிடுவேன்.

கார்ப் பிடிக்கப் பொறுமை வேண்டும். முதல் நாளே போய் ஒரே இடத்தில் கொஞ்சம் புண்ணாக்கும் அவித்த சோளமும் போட்டுவிட்டு வந்தால் நல்லது. மறுநாள் அதே இடத்தில், அதே சோளத்தைக் கொக்கியில் கோர்த்து, இரை தரையில் கிடக்கும்படி ஈயம் கட்டிப் போட வேண்டும். மிதப்பு தேவையில்லை. கோல் நுனி ஒருமுறை ஆடியவுடனே வெட்டி இழுக்கக்கூடாது. அது மோந்து பார்ப்பது. நூல் ஒரே சீராக ஓடத் தொடங்கும்போதுதான் கோலைத் தூக்க வேண்டும். கார்ப்பின் உதடு மெத்தென்றிருக்கும், பலமாக இழுத்தால் கிழிந்துவிடும். ரீலில் ட்ரேக் என்று ஒரு திருகு இருக்கிறதே, அதை நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு, கூடினால் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு நூலை விடும்படி வைக்க வேண்டும். பத்துக் கிலோ தாங்கும் நூல் என்றால் இரண்டரைக் கிலோ இழுவையில் ரீல் நூலை விட வேண்டும். மீன் தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தே இதைச் சரி செய்யலாம். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. கண்மதிப்பில் இறுக்கிவிட்டு, மீன் அறுத்துக்கொண்டு போனதும் நூலைக் குற்றம் சொல்வார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். மீனுக்கு விடியற்காலைதான் நல்ல நேரம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். கீழ்நாட்டில் அது சரி. தை மாதத்தில் நோர்வூட் பக்கம் விடிய ஐந்து மணிக்குப் போய் நடுங்கிக்கொண்டு நிற்பதில் பலனில்லை. திலாப்பியா சூட்டு நாட்டு மீன், தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் தீனி குறைந்துவிடும். வெயில் ஏறி, கரையோரத் தண்ணீர் இளஞ்சூடாகும் ஒன்பது பத்து மணிக்கு மேல் போங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீரையும் மிதக்கும் பூச்சியையும் காற்று அங்கேதான் தள்ளிக்கொண்டுபோய் வைக்கும். காற்று முகத்தில் அடித்தால் வீசுவது கஷ்டம்தான்.

தண்ணீர் மட்டமும் நாளுக்கு நாள் மாறும். கரண்டுக்காக எடுக்கும் தண்ணீர் இது, மழையை மட்டும் நம்பி ஏறி இறங்குவதில்லை. மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால் மீன் கரையை விட்டு ஆழத்துக்கு ஒதுங்கும். ஏறிக்கொண்டிருந்தால் கொண்டாட்டம். வெயிலில் காய்ந்து புல் முளைத்த கரையை வைகாசி மழையில் தண்ணீர் திரும்பவும் மூடும்போது, புல்லுக்குள் இருக்கும் புழுவுக்காகக் கார்ப் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். முதுகு வெளியே தெரியும். அந்த ஒரு கிழமைக்காகத்தான் நான் கடையில் லீவைச் சேர்த்து வைக்கிறேன். போயாவில், அதாவது பௌர்ணமி நாளில், லீவு கிடைத்தாலும் தூண்டிலோடு இறங்குவதில்லை. பன்சாலைக்குப் போகிறவர்கள் நடக்கும் பாதை அது. வருஷம் முழுவதும் அந்த ஊர்க்காரர்களின் முகத்தில்தானே விழிக்க வேண்டும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வற்றிய டேமில் நடக்கும்போது மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும் சேறு உள்ளே கூழாகவே இருக்கும். கால் இடுப்புவரை போய்விடும். கையில் ஒரு கம்பு வைத்துக் குத்திப் பார்த்து நடக்க வேண்டும், தனியாகப் போகக்கூடாது. வான்கதவுகளுக்குக் கீழே உள்ள ஆற்றில் மழை நாட்களில் நிற்கவே வேண்டாம். நோர்ட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர அணைக்குக் கீழேயும், கெனியன் அணைக்குக் கீழேயும், லக்ஷபானை அணைக்குக் கீழேயும் இதே கதைதான். இங்கே ஒரு துளி மழை இல்லாமல் இருக்கலாம். மேலே பெய்த மழைக்குக் கதவு திறந்தால் கல்லில் நிற்பவனுக்குத் திரும்பி ஓட நேரம் கிடைக்காது. கித்துல்கலவிலும் மின்நிலையம் தண்ணீர் விடுவதைப் பொறுத்து ஆறு ஏறி இறங்கும். அங்கே களனி கங்கையில் மஹசீர் மீன் இருக்கிறது, சிங்களத்தில் லேஹெல்லா. என் தூண்டிலில் வந்தால் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவேன். அதற்காகக் கொக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருப்பேன். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். எலிக்காய்ச்சலுக்கு அது போதாது. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றுத் தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், டொக்டரிடம் "தண்ணியில நின்னேன்" என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

நுவரெலியாப் பக்கத்து ட்ரவுட்டைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். வெள்ளைக்காரத் தொரைமார் தங்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து குளிர் ஓடைகளில் விட்ட மீன். வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இன்னும் இருக்கிறது. அது 1988 முதல் தேசிய பூங்கா, தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நினைத்தபடி உள்ளே போக முடியாது. எங்கள் வீட்டில் யாரும் ட்ரவுட் பிடித்ததில்லை, தின்றதுமில்லை. எனக்கும் பெரிய ஏக்கம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் டேம். ஆனி பிறந்து மலையில் மழை கட்டிப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும், கரையில் நிற்க முடியாது. அதே மாதங்களில் கிழக்குக் கரை காய்ந்து, கடல் அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குப் பருவக் காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டு, அந்தப் பக்கம் வெறும் காற்றாகத்தான் இறங்குகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள், உடம்பைச் சுடும். ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். அங்கே மழை, வெள்ளம், சில வருஷம் புயல். ஆக மலைநாட்டில் இருப்பவனுக்கு வருஷம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மழைக்கு முன்பு டேம், மழை பிடித்ததும் கிழக்கு.

1983 இனக் கலவரத்துக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அவர்களில் ஒருவர். ஹட்டனில் பஸ் ஏறி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கி, செங்கலடியில் கடற்கரை ரோட்டைப் பிடிக்கும் பயணம். குளிருக்குப் போட்ட ஜேர்சியைப் பிபிலையில் கழற்றிவிடுவோம். மாமாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ஆனால் வாவியோரம் இருந்து இருந்து, மீன் பிடிப்பதில் அவர் முழு மட்டக்களப்பு ஆளாகிவிட்டார்.

மட்டக்களப்பு வாவியில் முதலில் ஒன்றை மறக்க வேண்டும். டேமில் தண்ணீர் நிற்கிறது, மீன் நடக்கிறது. வாவியில் தண்ணீர் நடக்கிறது, நல்ல மீன் ஒரே இடத்தில் நிற்கிறது. கொடுவாவைச் சொல்கிறேன். அது பாலத் தூண், கல், கண்டல் வேர் என்று எதையாவது ஒட்டி, ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் இறாலையும் மணலை மீன் குஞ்சையும் வாயைத் திறந்து உறிஞ்சும். எனவே இரையை மீனுக்கு மேல்பக்கம் எறிந்து, ஓட்டத்தோடு அதன் முன்னால் வரவிட வேண்டும். அதன் வாலுக்குப் பின்னால் எத்தனை தரம் எறிந்தாலும் வேலை இல்லை.

இந்த நாட்டில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையில் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் பாலமீன்மடுவில், வெளிச்சவீட்டுக்குக் கிட்டே வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், அந்தச் சின்ன ஏற்ற இறக்கமே ஆறு போல ஓடும். முகத்துவாரம் எல்லாக் காலமும் திறந்திருப்பதுமில்லை. கோடையில் மணல் மூடும், மாரி வெள்ளத்தில் திறக்கும், சில நேரம் வெட்டியும் விடுவார்கள். வாய் மூடியிருக்கும் மாதத்தில் அங்கே போய் நிற்பதில் அர்த்தமில்லை, கல்லடிப் பாலப் பக்கமோ உள்வாவிக்கோ போக வேண்டும். அங்கே வலை வீசும் ஒரு பெரியவர் மாமாவுக்குப் பழக்கம். முதல் தடவை நான் கோலை விரித்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, தண்ணி உள்ளுக்கு வரக்குள்ள களைச்சுப் போகாத. வெளிய போகத் தொடங்கக்குள்ள எறி. வாவிக்குள்ள இருக்கிற குஞ்செல்லாம் அப்பதான் வெளிய வரும்." இதற்கு எந்தக் கடையிலும் சாமான் விற்பதில்லை.

பிறகு அவர் கையை நீட்டி, எங்கே பழைய தோணி ஒன்று தாண்டு கிடக்கிறது, எங்கே வலை கிழிகிறது, எந்த இடத்தில் தரை திடீரென்று இறங்குகிறது என்று சொல்லத் தொடங்கினார். எனக்குத் தாத்தாவின் பதினாலாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது. வலை கிழியும் இடத்தை வலைக்காரர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, அதைத் தவிர்த்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டாத இடம்தான் தூண்டில்காரனுக்கு வேண்டிய இடம். அதனால் புது ஊரில் நான் முதலில் கேட்பது "எங்க மீன் இருக்கு" என்றல்ல. அதற்கு யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. "எங்க ஐயா உங்க வலை மாட்டுது" என்று கேட்பேன். அதற்கு மனத்தாங்கலோடு முழு விவரமும் வரும்.

கொடுவாவின் செவுள் மூடி பிளேட் மாதிரி வெட்டும். அது நூலை வெட்டாமல் இருக்க, பின்னல் நூலின் நுனியில் கை விரித்த நீளத்துக்குத் தடித்த தங்கூஸ் கட்ட வேண்டும், 40 இறாத்தல் குறையாமல். தூண் பக்கம் என்றால் 60. இரண்டு நூலையும் சேர்க்கும் முடிச்சை வீட்டில் இருந்து பழகிக்கொண்டு போங்கள். காற்றில், உப்புக் கையோடு, இருட்டில் பழக முடியாது. கொடுவா கடித்ததும் மேலே பாய்ந்து தலையை உதறும். அப்போது கோலைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திவிட்டால் கொக்கி கழன்று போவது குறையும். டேமில் கார்ப்புக்குக் கோலை உயர்த்திப் பழகிய கைக்கு இது வர நாளெடுக்கும். கையில் எடுக்கும்போது செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கீழுதட்டைப் பிடியுங்கள்.

இன்னொன்று. கொடுவா பிறந்து முதல் சில வருஷம் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெட்டையாக மாறும் மீன். ஆக நாம் படம் எடுக்க ஆசைப்படும் பெரிய மீன் எல்லாம் பெரும்பாலும் முட்டை போடும் பெட்டைதான். முகத்துவாரத்தில் அந்த மாதிரி ஒன்று வந்தால் விட்டுவிட்டு, நடுத்தரமான ஒன்றைக் கறிக்கு எடுப்பது என் கணக்கு. மாமாவுக்கு இதில் உடன்பாடில்லை. "நீ விட்டா அடுத்த வலைக்காரன் எடுப்பான்" என்பார். எடுக்கட்டும்.

வாவியில் முதலை இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்கும் டேம் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். விராலுக்காக உன்னிச்சை மாதிரி உள்குளங்களுக்குப் போனாலும் அப்படித்தான்.

கடலுக்குள் போவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, மலையில் பிறந்த வயிறு அதற்கு இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பைபர் போட்டில் விடிய முன்பு போய், கச்சான் எழும்ப முன்பு திரும்பிவிடுவோம். அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி போல இருக்கும், எஞ்சின் நின்றுபோனால் போட்டை வெளியே தள்ளிக்கொண்டுபோய்விடும். லைப் ஜக்கட் போடாத போட்டில் ஏறாதீர்கள், யார் சிரித்தாலும். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்கு விடும் அறிவித்தலை முதல் நாள் இரவே பாருங்கள். கல்லுப் பார் பக்கம் பாரை அடித்தால் கை நோகும் வரை இழுக்கும், அதற்குக் கூரான பல் இல்லை, தடித்த தங்கூஸ் போதும். சீலா, தோரா மாதிரிக் கூரான பல் உள்ள மீன் இருக்கும் இடத்தில் தங்கூஸை ஒரே கடியில் வெட்டிவிடும், ஒரு சாண் கம்பி வேண்டும்.

சாமானுக்கு வருவோம், கேட்கத்தானே போகிறீர்கள். ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால் ஏழடிக் கோலும் 4000 அளவு ரீலும். டேமுக்குக் கொஞ்சம் பெரிது, முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் சிறிது, ஆனால் இரண்டிலும் வேலை செய்யும். டேம் மட்டும் என்றால் 2500 போதும். பளபளப்பான இரைகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள், அந்தக் காசைக் கொக்கிக்கும் நூலுக்கும் போடுங்கள். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பவை அவை இரண்டும்தான். உப்புத் தண்ணீரில் பாவித்த ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குழாயடியில் பிடித்து அடிக்கக்கூடாது, வாளிக்குள் ஊற வைக்கவும் கூடாது. இரண்டுமே உப்பை உள்ளுக்குத் தள்ளும். ட்ரேக்கை இறுக்கிவிட்டு, மேலாகத் தெளித்துக் கழுவி, துடைத்து, நிழலில் காய வைத்து, பிறகு ட்ரேக்கை முழுதாகத் தளர்த்திவிட வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் இறுக்கி வைத்த ட்ரேக் ஒரு மழை காலத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் கை தாங்கக்கூடிய அளவு சூட்டுத் தண்ணீரில், ஏறக்குறைய 45 பாகை, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். சூடு அந்த விஷத்தைக் குலைக்கும், நோவு குறையும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, மற்றக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வையுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. முள் உள்ளே முறிந்திருக்கலாம். வயிற்றை ஊதிக்கொண்டு வரும் பேத்தையை, யார் எப்படிச் சமைக்கலாம் என்று சொன்னாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

டேம் கார்ப்பில் சேற்று வாசம் இருக்கும் என்று பலர் தொடுவதில்லை. தோலை உரித்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புப் படலத்தைச் சுரண்டி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசி ஒரு மணித்தியாலம் வைத்துக் கழுவிவிட்டுக் கொறக்காப் போட்டுக் குழம்பு வைத்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். நடு முள்ளைவிட்டுப் பொடி முள் நிறைய உண்டு. பொரிப்பதென்றால் குறுக்காகக் கிட்டக் கிட்டக் கத்தியால் கீறிவிட்டால் எண்ணெயில் அவை மொறுமொறுத்துப் போகும். சின்னப் பிள்ளைகளுக்குத் திலாப்பியாதான் நல்லது.

மட்டக்களப்பிலிருந்து மீன் கொண்டுவருவதாக இருந்தால் குடலை அங்கேயே எடுத்துவிட்டு, மீனையும் ஐஸையும் தனித்தனிப் பொலித்தீனில் கட்டி ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டியில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஐஸை நேரே மீன் மேல் கொட்டினால் பதுளை வர முதல் உருகி, மீன் அந்தத் தண்ணீரில் ஊறி வெளுத்துவிடும், பஸ்ஸுக்குள்ளும் ஒழுகும். ஐஸுக்குப் பதிலாகப் போத்தலில் தண்ணீர் உறைய வைத்துக் கொண்டுவந்தால் இன்னும் சுகம். பெட்டியை எஞ்சின் பக்கத்தில் வைக்காதீர்கள், சூடு ஏறும். கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிச் சூடு படாத இடத்தில் வையுங்கள், ஒரு துண்டு மீன் அவருக்கும் என்று சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார்.